நோய்க்கிருமியை இனங்கண்ட கதை

ஒல்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான அந்தோனி வான் லீவன்ஹூக், 1683 ஆம் ஆண்டில் தம் பல்லிடுக்கிலிருந்து சிறிது அழுக்கைச் சுரண்டியெடுத்துத் தாமே தேய்த்து அமைத்த வில்லையின் முன் வைத்து நோக்கினார். எண்ணிலடங்காச் சிற்றுயிர்கள் அதனுள் நெளிந்தும் சுழன்றும் திரிவதைக் கண்டார். கண்டதை இலண்டனிலுள்ள அறிஞர் சங்கத்துக்குக் கடிதமாக எழுதினார். கிருமிகள் மனிதனின் கண்ணுக்குப் புலப்பட்ட காலம் அது. ஆயினும் இன்ன நோயை இன்ன கிருமியே உண்டாக்குகிறது என்று ஐயந்திரிபறச் சொல்வதற்கு மேலும் இருநூறு ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

இவ்வளவு தாமதம் ஏன்? வில்லைகளின் திறம் குறைந்திருந்தது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. கிருமிகள் ஒருபோதும் தனித்து வாழ்வதில்லை. நோயாளியின் சளியிலும் மலத்திலும் புண்ணின் சீழிலும் பலவகைக் கிருமிகள் கலந்தே கிடக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை ஒரு தீங்கும் செய்யாதவை. தேர்த் திருவிழாவில் ஒருவனுடைய பணப்பை பறிபோகுமாயின், கூட்டத்தைக் கண்டேன் என்று சொல்வதனாற் கள்வனைக் கண்டதாகாது. கூட்டத்திலிருந்து ஒருவனைப் பிரித்தெடுத்து விசாரிக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அவ்வாறு பிரித்தெடுக்கும் வழி எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பிரான்சிலே லூயி பாஸ்டர் கிருமிகளை இறைச்சிச் சாறு போன்ற நீர்மங்களில் வளர்த்தார். நீர்மத்தில் வளர்ப்பதிலுள்ள இடர் எளிதில் விளங்கும். குடுவையினுள்ளே பிறிதொரு கிருமி ஒன்றேயொன்று விழுந்தாலும், மறுநாள் அதுவும் கோடிக்கணக்காய்ப் பெருகி எல்லாவற்றுடனும் கலந்துவிடும். பிரித்தானிய சத்திரவைத்தியர் ஜோசப் லிஸ்டர் புளித்த பாலை நீர் விட்டு நீர் விட்டு ஐதாக்கி, ஒரு துளியில் ஒரு கிருமியே எஞ்சும் நிலை வரை கொண்டுசென்று, 1878 அளவில் ஒரு கிருமியைத் தனியே பெற்றார். பொறுமையும் நற்பேறும் ஒருங்கே வாய்த்தாலன்றி அம்முறை பலிக்காது.

கலப்பினால் விளைந்த குழப்பம் ஒரு கொள்கையாகவே உருவெடுத்தது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். மியூனிக் நகரத்துத் தாவரவியற் பேராசிரியர் கார்ல் நேகெலி போன்றோர், கிருமிகளில் நிலையான இனங்களே இல்லை, ஒன்று சூழலுக்கேற்ப மற்றொன்றாக மாறிவிடும் எனக் கருதினர். பிரெஸ்லவ் நகரத்துப் பேராசிரியர் பேர்டினண்ட் கோன் அதனை மறுத்தார். நேகெலியின் கூற்று மெய்யாயிருப்பின், கிருமிக்குப் பெயரிடுவதும் வீண், நோய்க்கேற்ற கிருமியைத் தேடுவதும் வீண். இவ்வழக்கைத் தீர்ப்பதற்கு வாதம் போதாது. ஒரே இனம் மட்டும் வளரும் தூய வளர்ப்பு ஒன்று வேண்டியிருந்தது.

அதைத் தந்தவர் ஜேர்மனிய வைத்தியர் றொபேட் கொக். வோல்ஸ்டைன் என்ற சிற்றூரிலே மாவட்ட வைத்தியராயிருந்தபோது, ஆடுமாடுகளைக் கொல்லும் அந்திராக்சு நோயின் கிருமியை ஆராய்ந்து 1876 இற் புகழ்பெற்று, 1880 இற் பேர்லின் அரச சுகாதார நிலையத்துக்கு வந்தவர் அவர். அவித்த உருளைக்கிழங்கின் வெட்டுமுகத்தைக் காற்றுப்பட வைத்தால், சில நாட்களில் அதன்மீது வெவ்வேறு நிறப் புள்ளிகள் தோன்றும். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே வகைக் கிருமியே இருப்பதைக் கொக் கண்டார். காற்றிலிருந்து விழுந்த கிருமி, விழுந்த இடத்திலேயே நின்று பெருகிய குடியிருப்பு அது. நீர்மத்திலே கிருமி ஓடிக் கலக்கும். திண்மப் பரப்பிலே கலக்க வழியில்லை. இவ்வளவுதான் செய்தி. இருநூறு ஆண்டு முடிச்சு ஓர் அவித்த கிழங்கின்மீது அவிழ்ந்தது. கோனின் நிலையத்தில் சுரோட்டர் என்பவர் நிறமுள்ள கிருமிகளை இவ்வாறே கிழங்கில் முன்னர் வளர்த்திருந்தார். அதை நோய் ஆராய்ச்சியின் கருவியாக்க வேண்டுமென்று துணிந்தவர் கொக்.

எல்லாக் கிருமிகளும் கிழங்கை விரும்புவதில்லை. ஆகவே கொக் இறைச்சிச் சாற்றுடன் ஜெலற்றினைச் சேர்த்துக் கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி இறுகச் செய்தார். 1881 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலண்டனில் நடைபெற்ற சர்வதேச வைத்திய மாநாட்டின்போது, லிஸ்டரும் பாஸ்டரும் பார்த்திருக்க இம்முறையைச் செய்து காட்டினார். பிரான்சுக்கும் ஜேர்மனிக்கும் போர் மூண்டு பத்தாண்டுகள் கழிந்தும் மனக்கசப்பு ஆறாத காலம் அது. அத்தகைய காலத்திலும் இது பெரியதொரு முன்னேற்றம் என்று பாஸ்டர் வாய்விட்டுப் பாராட்டினார்.

ஆனால் ஜெலற்றினில் இரண்டு குறைகள் இருந்தன. மனித உடலின் வெப்பநிலையாகிய 37 பாகை சென்ரிகிறேட்டுக்கு வெகு முன்னரே அது உருகிவிடும். மனித உடலில் வாழும் கிருமிகளுக்கோ அந்த வெப்பமே உகந்தது. அன்றியும் சில கிருமிகள் ஜெலற்றினையே உண்டு கரைத்துவிடும். உருகிய தட்டில் எல்லாக் குடியிருப்புகளும் ஒன்றாய்க் கலந்து, செய்த வேலை பாழாகும்.

இக்குறையைத் தீர்த்த பொருள் ஒரு சமையலறையிலிருந்து வந்தது. சக்சனி நாட்டில் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோய்களை ஆராய்ந்தவரான வால்தர் ஹெஸ்ஸே என்ற வைத்தியர், 1881 ஆம் ஆண்டின் இறுதியிற் கொக்கின் ஆய்வுகூடத்திற் சேர்ந்து பணியாற்றினார். காற்றிலுள்ள கிருமிகளை எண்ணுவது அவர் பணி. வெப்பநாட்களில் அவருடைய ஜெலற்றின் உருகி ஒழுகிக்கொண்டேயிருந்தது. அவருடைய மனைவி ஃபன்னி ஹெஸ்ஸே கணவரின் ஆய்வுக்குத் துணைநின்றவர். அவருடைய கட்டுரைகளுக்கு நுணுக்கமான வண்ணப் படங்களும் வரைந்தவர். அமெரிக்காவில் ஒல்லாந்து வழிவந்த குடும்பமொன்றிற் பிறந்த அப்பெண்மணி, வெயில் நாளிலும் உருகாத பாகுப் பண்டங்களைச் செய்வதற்கு ‘அகர் அகர்’ என்னும் பொருளைப் பயன்படுத்திவந்தார். யாவாத் தீவில் வாழ்ந்து திரும்பிய அயலவர் ஒருவரிடமிருந்து இளமையிற் கற்ற முறை அது என்பர் அவர் குடும்பத்தினர். அதையே ஆய்வுகூடத்திலும் பயன்படுத்திப் பார்க்கலாமே என்று அவர் கூறினார்.

அகர் என்பது மலாய்ச் சொல். கடலிற் செந்நிறமாய் வளரும் சில பாசிகளைக் காய்ச்சிப் பெறுவது அப்பொருள். இலங்கை மக்களுக்கு இஃது அந்நியமானதன்று. புத்தளத்திலும் திருகோணமலையிலும் யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் விளையும் ஒருவகைப் பாசியை ஆங்கிலேயர் ‘சிலோன் மொஸ்’ என அழைத்து மருந்துநூல்களிலும் சேர்த்திருந்தனர். நோன்பு மாதத்தில் முஸ்லிம் இல்லங்களிற் காய்ச்சி இறுக்கும் கடற்பாசியும் இவ்வினப் பொருளே.

நூறு பங்கு நீருக்கு ஒன்றரைப் பங்கு அகர் போதும். ஏறத்தாழ 85 பாகைக்கு மேற்பட்ட சூட்டிலேதான் அது உருகும். உருகியபின் 40 பாகையளவுக்குக் குளிர்ந்தாலன்றி இறுகாது. ஆகவே உடற்சூட்டில் நாட்கணக்காக வைத்தாலும் பாறைபோல் நிற்கும். கடல்வாழ் கிருமிகள் சிலவற்றைத் தவிர மற்றவற்றால் அதைக் கரைக்கவும் இயலாது. கண்ணாடிபோல் ஒளி புகவிடுவதனால், வளரும் குடியிருப்புகளைத் தெளிவாகக் காணவும் முடியும்.

1882 இல் வெளிவந்த கட்டுரையிற் கொக் அகரைப் பற்றி ஒரேயொரு வாக்கியம் எழுதினார். யார் சொல்லிப் பெற்றது என்பதை அதில் எழுதவில்லை. ஹெஸ்ஸே தம்பதிகளும் தமக்கு அதில் உரிமையுண்டென்று குரலெழுப்பவில்லை. அதனாற் பொருளும் ஈட்டவில்லை. ஃபன்னி ஹெஸ்ஸே 1934 இற் காலமானார். 1939 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஹிச்சென்சும் லைகிண்டும் இவ்வரலாற்றை எழுதி, சாதாரண அகர் ஊடகத்துக்கு ஹெஸ்ஸே அம்மையாரின் பெயரைச் சூட்டவேண்டுமென்று வேண்டினர். அவ்வேண்டுகோள் நிறைவேறவில்லை. கொக்கின் உதவியாளர் றிச்சட் பெற்றி 1887 இல், ஒன்றின்மேல் ஒன்று மூடும் இரு வட்டக் கண்ணாடிகளை விவரித்து ஒரு சிறு குறிப்பெழுதினார். அத்தட்டு உலகெங்கும் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. புகழ் பங்கிடப்படும் முறை விந்தையானது.

1882 ஆம் ஆண்டு மார்ச் 24 ஆந் திகதி மாலை, பேர்லின் உடற்றொழிலியற் கழகத்தின் சிறு மண்டபத்திற் கொக் சயரோகத்தின் கிருமியைப் பற்றி உரையாற்றினார். மனித மரணங்களுள் ஏழில் ஒன்று இந்நோயாலேயே நிகழ்கிறது என்பதை முதலில் நினைவூட்டினார். அந்நாளில் அதனைப் பரம்பரை நோய் என்றும், உடல்வாகு என்றும், வறுமையின் விளைவு என்றும் பலரும் பலவாறு கூறிவந்தனர். கொக் தம் கண்ணாடித் துண்டுகளையும் வளர்ப்புகளையும் மேசைமீது பரப்பிக் காட்டினார். உரை முடிந்தபின் எவரும் எழுந்து மறுப்புரைக்கவில்லை. வந்தவர்கள் மௌனமாக மேசையைச் சூழ்ந்து நுணுக்குக்காட்டிகளினூடாகப் பார்த்தனர்.

சயரோகக் கிருமியைக் காட்டித்தந்தது அகர் என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியன்று. அக்கிருமி மிகவும் பிடிவாதமானது. விலங்கின் குருதியிலிருந்து எடுத்த நீர்ப்பாயத்தைச் சூடேற்றி இறுகச்செய்து, அதன்மீதே கொக் அதை வளர்த்தார். அதனினும் அவருக்குத் துணைநின்றது பொறுமை. மற்றக் கிருமிகள் ஓரிரு நாளில் வளர்ந்துவிடும். இதுவோ இரண்டாவது வாரத்திலேதான் வறண்ட செதில்போலக் கண்ணுக்குத் தென்பட்டது. மூன்றாம் நாள் தட்டை எறிந்துவிடும் ஒருவர் அதனை ஒருநாளும் கண்டிருக்கமாட்டார். வளர்த்த கிருமியைக் கினிப்பன்றிகளுக்கு ஏற்றி, அவை அதே நோயால் மடிவதையும், அவற்றின் உடலிலிருந்து அதே கிருமி மீண்டும் கிடைப்பதையும் காட்டியபோது வழக்கு முடிந்தது.

அன்று அவையில் இருந்தவர்களுள் ஒருவர் போல் ஏர்லிக் என்ற இளம் வைத்தியர். சயரோகக் கிருமி மெழுகு போன்ற போர்வையுடையது. சாயம் எளிதிற் பற்றாது. கொக்கின் முறையில் ஒரு நாள் முழுதும் ஊறவைக்க வேண்டியிருந்தது. ஏர்லிக் சாயமூட்டிய கண்ணாடித் துண்டுகளை உலரவென அணைந்திருந்த அடுப்பின்மீது வைத்துச் சென்றாராம். யாரோ அறியாமல் அடுப்பை மூட்டிவிட, சூட்டினாற் சாயம் மிக நன்றாகப் பற்றியிருந்ததாம். ஒருமுறை பற்றிய சாயத்தை அமிலமும் அகற்றமாட்டாது என்பதையும் அவர் கண்டார். மற்றக் கிருமிகளின் சாயத்தையெல்லாம் அமிலம் கழுவிவிடும். சீலும் நீல்சனும் அடுத்த ஆண்டுக்குள் அம்முறையைச் செப்பஞ்செய்தனர். நீலத் தளத்திலே சிவந்த சிறு கோல்கள் தென்பட்டால் அது சயரோகம் என்று ஊர் வைத்தியரும் ஒரு மணி நேரத்துக்குட் சொல்லக்கூடியதாயிற்று.

நோயாளிக்கு இதனால் என்ன நன்மை என்று கேட்கலாம். மருந்து அன்று இல்லை. ஸ்ரெப்ரோமைசின் வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கவேண்டியிருந்தது. ஆனால் இருமும் ஒருவர் சயரோகியா அல்லரா என்பது ஊகமாக இருந்த நிலை மாறியது. வீட்டிலுள்ள குழந்தையை அவர் அருகிற் படுக்கவைக்கலாமா கூடாதா என்பதற்கு விடை கிடைத்தது. ஏர்லிக் தாமே சில ஆண்டுகளின் பின் தமது சளியில் அச்சிவந்த கோல்களைக் கண்டு, எகிப்துக்குச் சென்று தங்கி உடல்தேறித் திரும்பினார்.

சாயத்தின் கதையில் இன்னொருவரும் உளர். டென்மார்க் தேசத்தவரான ஹான்ஸ் கிறிஸ்ரியன் கிராம், பேர்லின் நகர ஆஸ்பத்திரியொன்றின் பிரேத பரிசோதனைக் கூடத்திற் பிறீட்லெண்டர் என்பவருடன் பணியாற்றினார். நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரலிற் கிருமிகளைத் தெளிவாகக் காண்பதே அவர் நோக்கம். ஊதாச் சாயமிட்டு, அயடீன் கரைசலில் தோய்த்து, பின்னர் மதுசாரத்தாற் கழுவினார். சில கிருமிகள் ஊதாவாகவே நின்றன; நெருப்புக்காய்ச்சற் கிருமி போன்ற வேறு சில நிறமிழந்தன. 1884 இல் அதை வெளியிட்டபோது, தம் முறை குறைபாடுடையது என்று தாமே எழுதினார். அவர் குறையென எண்ணியதே பின்னர் கிருமியுலகை இரண்டாகப் பிரிக்கும் முதற் கேள்வியாயிற்று.

நிமோனியாவுக்குக் காரணம் எது என்பதில் அப்போது பிறீட்லெண்டருக்கும் பிராங்கெல் என்பவருக்கும் கடும் பிணக்கு. கிராமின் சாயத்தில் ஒருவருடைய கிருமி நிறமிழந்தது. மற்றவருடையது ஊதாவாய் நின்றது. இருவரும் பொய்யுரைக்கவில்லை, இரண்டு வேறு கிருமிகளைப் பார்த்துக்கொண்டு ஒன்றெனக் கருதி வாதிட்டனர். நிறமிழக்காதவை தடித்த சுவருடையவை என்பதும், இவ்விருவகைக்கும் மருந்துகள் வேறுபடும் என்பதும் பின்னரே தெளிவாயின. பெனிசிலினை இங்கே குறிப்பிடலாம். 1929 இல் அதைப் பற்றி எழுதிய அலெக்சாந்தர் பிளெமிங், அதன் பயன்களுள் முதன்மையாக எடுத்துக்காட்டியது மற்றக் கிருமிகளை அடக்கி, அடங்காத ஒரு கிருமியைத் தட்டிலே பிரித்தெடுப்பதையே.

சாயமும் வடிவமும் எங்கும் போதுமானவை அல்ல. நெருப்புக்காய்ச்சலின் கிருமியைக் காவ்கி 1884 இல் தூய வளர்ப்பாகப் பெற்றார். மறு ஆண்டே தியோடர் எஷெரிக், குழந்தைகளின் குடலில் இயல்பாக வாழும் ஒரு கிருமியை விவரித்தார். அது கோலி எனப் பெயர்பெற்றது. ஒன்று ஊரையே கொள்ளைகொள்ளும். மற்றது பெரும்பாலும் சாது. நுணுக்குக்காட்டியிலோ இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்: இரண்டும் சிறு கோல்கள், இரண்டும் கிராமின் சாயத்தை இழப்பவை. முகம் ஒன்றாயின், நடத்தையைப் பார்க்கவேண்டும். பால்வெல்லத்தைக் கொடுத்தால் கோலி அதைப் புளிக்கச்செய்து அமிலமாக்கும். நெருப்புக்காய்ச்சற் கிருமி அதைத் தொடாது. ஆங்கில ஆராய்ச்சியாளர் அல்பிரெட் மக்கொங்கி 1905 இல் அகருடன் பால்வெல்லத்தையும், குடற்கிருமிகள் அல்லாதவற்றை அடக்கும் பித்த உப்பையும், அமிலம் பட்டாற் சிவக்கும் ஒரு சாயத்தையும் சேர்த்து ஓர் ஊடகத்தை விவரித்தார். ஓர் இரவு கழிந்தபின் தட்டிலே சிவந்த குடியிருப்புகள் கோலி, நிறமற்றவை ஐயத்துக்குரியவை. மேலும் பல வெல்லங்களைக் கொடுத்து அவற்றை விசாரிப்பர்.

இவ்வாறு கிருமிக்குப் பெயரிட முடிந்தமை மனிதர்மீது எத்தகைய அதிகாரத்தைத் தந்தது என்பதற்கு நியூயோர்க்கில் நிகழ்ந்த ஒரு வழக்குச் சான்று. 1906 ஆம் ஆண்டு கோடையில் ஒயிஸ்ரர் பே என்னுமிடத்திலே வாடகை வீடொன்றிலிருந்த பதினொருவருள் அறுவர் நெருப்புக்காய்ச்சலுற்றனர். ஜோர்ஜ் சோப்பர் என்ற சுகாதாரப் பொறியியலாளர் துருவி ஆராய்ந்து, அவ்வீட்டிற் சமைத்த அயர்லாந்துப் பெண் மேரி மலன் முன்பு பணிசெய்த வீடுகளிலும் அதே நோய் தோன்றியதைக் கண்டார். மேரியோ ஒரு நாளும் அந்நோயால் வருந்தியதாக ஒப்பவில்லை. திடகாத்திரமான பெண். தன்னைக் குற்றஞ்சாட்ட வந்தவரைச் சமையலறை முள்ளுக்கரண்டியுடன் துரத்தினார். 1907 இல் அதிகாரிகள் அவரைப் பலவந்தமாகக் கொண்டுசென்று மலத்தைப் பரிசோதித்தபோது, நெருப்புக்காய்ச்சற் கிருமி அதில் மலிந்திருந்தது.

மேரி தனியார் ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பிய மாதிரிகளிற் கிருமி காணப்படவில்லை. இதில் வியப்பில்லை. சுமப்போர் உடலிலிருந்து கிருமி எந்நாளும் ஒரே அளவாக வெளிவருவதில்லை. ஆனால் குற்றமேதும் செய்யாத ஒருவரை, ஒரு தட்டிலே தோன்றிய நிறமற்ற புள்ளிகளைச் சாட்சியாக வைத்துத் தீவொன்றிற் சிறைவைக்கலாமா என்ற கேள்வியை நீதிமன்றமும் தீர்க்கத் தயங்கி, அதிகாரிகள் பக்கமே சாய்ந்தது. இனிச் சமைப்பதில்லை என்ற வாக்குறுதியின்பேரில் 1910 இல் விடுவிக்கப்பட்டார். வேறு தொழிலில் வயிறு நிரம்பவில்லை. 1915 இல் மகப்பேற்று ஆஸ்பத்திரியொன்றில் இருபத்தைவர் நோயுற்று இருவர் இறந்தபோது, அங்கே சமையற்காரியாக வேறு பெயரில் இருந்தவர் அவரே. மீண்டும் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1938 இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவரைப்போற் கிருமி சுமந்த வேறு பலர் அதே நகரத்திற் பதிவேட்டில் இருந்தனர். அவர்களுள் எவரும் இவ்வளவு காலம் அடைபட்டிருக்கவில்லை. ஆய்வுகூடம் சொன்னது மெய். அதைக் கொண்டு செய்யப்பட்டது நியாயமா என்பது வேறு.

கொக்கின் பொறுமைக்கு ஒரு நூற்றாண்டின் பின் ஒரு நிகழ்ச்சி இணையாயிற்று. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்தில் வைத்தியர்களான றொபின் வாரனும் பரி மார்ஷலும் இரைப்பை அழற்சியுள்ளோரிடம் வளைந்த கிருமியொன்றைக் கண்டனர். ஆனால் அதை வளர்க்க இயலவில்லை. இரண்டு நாளில் ஒன்றும் தோன்றாத தட்டுகளை எறிவது ஆய்வுகூட வழக்கம். 1982 ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் வேலை நெருக்கடியாற் சில தட்டுகள் கவனிப்பாரின்றி ஐந்து நாள் கிடந்தன. திரும்பிவந்து பார்த்தபோது அவற்றிலே கிருமி வளர்ந்திருந்தது. மனக்கவலையும் காரமும் காரணம் எனச் சொல்லப்பட்ட குடற்புண், கிருமிநோயென அறியப்பட்டது. 2005 இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எத்தனை நாள் காத்திருந்தாலும் வளராத கிருமிகளும் உண்டு. குஷ்டரோகக் கிருமியை நோர்வேயின் ஹான்சன் 1873 இலேயே கண்டார். இன்றுவரை அது எந்தச் செயற்கை ஊடகத்திலும் வளர்க்கப்படவில்லை. இத்தகையவற்றை அவற்றின் மரபணுவைக் கொண்டு இனங்காணும் முறைகள் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்தன. 2020 ஆம் ஆண்டு சனவரியிற் புதிய கொரோனா வைரசின் மரபணுத்தொடர், நோயாளிகளிடமிருந்து எடுத்த மாதிரிகளிலிருந்து சில நாட்களுள் வாசிக்கப்பட்டு உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

பெரிய ஆஸ்பத்திரிகளில் இன்று திணிவு நிறமாலைமானி என்னும் கருவி, கிருமியின் புரதங்களை லேசர்க் கதிராற் சிதறடித்து, அவற்றின் எடைகளைப் பட்டியலுடன் ஒப்பிட்டுச் சில நிமிடங்களிற் பெயர் சொல்கிறது. கோலியையும் வயிற்றுளைச்சற் கிருமியாகிய சிகெல்லாவையும் பிரிப்பதில் அக்கருவியும் தடுமாறுகிறது. அவ்விடத்தில் பழைய வெல்லச் சோதனைகளே கைகொடுக்கின்றன. வழமையாக அதற்கு ஊட்டப்படுவதும் தட்டிலே வளர்ந்த ஒரு தனிக் குடியிருப்பே. ஆய்வுகூடத் தரமுள்ள அகர் பெரும்பாலும் ஜெலிடியம் என்ற பாசியிலிருந்து வருவது. இலங்கைப் பாசியின் அகர் உணவுக்கே மிகுதியும் ஏற்றது. ஜெலிடியத்தை மிகுதியாகத் தரும் மொரோக்கோ நாடு, கடற்படுகை வறண்டுபோகாதிருக்க அறுவடையையும் ஏற்றுமதியையும் குறைத்தபோது, 2015 இல் அகரின் விலை ஏறியது. ஆய்வுகூடங்களுக்குப் பொருள் வழங்கும் வணிகர் சிலர் சிலவகை அகரின் விற்பனையை நிறுத்திவைத்தனர்.